ருவைஸில் கணவர், வலென்சியாவில் மனைவி, நடுவில் ஒரு கார்

அபுதாபியில் வரி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "அங்கதான் சம்பளத்துக்கு வரியே கிடையாதே, உனக்கு அங்க என்ன வேலை இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாவப்பட்டுக் காபி கொடுக்கிறார்கள். என் ஓரகத்தி, நான் ஏதோ வெளியில் சொல்ல முடியாத உத்தியோகம் பார்ப்பதாகவே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று கேட்டாள்.

எங்கள் பழைய அலுவலகத்தில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முகத்திலும் அதே கேள்வி தெரிகிறது. கேட்கத்தான் கூச்சப்படுகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் சம்பளத்துக்கு வரி இல்லை, சரி. ஆனால் இந்த ஊரில் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு ஊர்க்காரர்கள். அம்மா அப்பா ஓர் ஊரில், பிள்ளை படிப்பது இன்னோர் ஊரில், மனைவிக்கு வேலை மூன்றாவது ஊரில். அந்த ஊர்களில் எல்லாம் வரி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அது இங்கே இருக்கிற ஆளை எட்டிப் பார்த்து, "இவர் எங்க ஆளா, உங்க ஆளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் சொல்வதுதான் நம் பிழைப்பு.

படிவத்தை எப்படி நிரப்புவது, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது என்னைவிடப் பொறுமைசாலி. மனிதர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், அதிலும் குறிப்பாகப் பரிசு விழுந்த மனிதர்களைப் பற்றி. நமக்கு வருகிற வாடிக்கையாளர்களிலேயே மிகவும் படுத்துகிறவர்கள் அவர்கள்தான். கத்தாரில் ராஸ் லஃபானில் இருந்த ஒருவருக்கு ஒரு தங்கக் காசு விழுந்தது. அவர் எனக்குப் போன் செய்து கிசுகிசுவென்று பேசினார். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வேறு. "பாத்ரூம்ல இருந்து பேசுறேன் மேடம். வரி வந்தாக்கூட பரவாயில்ல, ரூம்ல இருக்கவங்களுக்குத் தெரிஞ்சா பிரியாணி கேப்பானுங்க" என்றார். அவருக்கு வரியும் வரவில்லை, நான் சொல்லவேண்டிய ஆலோசனையும் ஒன்றும் இல்லை. பிரியாணி வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சங்கரலிங்கத்தின் கதை அப்படி முடியவில்லை.

சங்கரலிங்கம் அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் எண்ணெய் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினீயர். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். மனைவி கோமதி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அபுதாபியில்தான் இருந்தாள். ஒரு டிசம்பரில் அவள் கம்பெனி அவளை ஸ்பெயினுக்கு, வலென்சியாவுக்கு மாற்றிவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் போனாள். குடும்ப விசாவில் சங்கரலிங்கத்தின் பெயரும் இருந்தது. ஆனால் அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது, "வரியில்லாத சம்பளத்த விட்டுட்டு எவனாவது போவானா மேடம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். புத்தாண்டுக்கு ஒரு வாரம் போய் இருந்துவிட்டு, பல் பிரஷ்ஷை அங்கேயே மறந்து வைத்துவிட்டு ருவைஸுக்குத் திரும்பிவிட்டார்.

ஜூன் தொடக்கத்தில், வெயிலில் வெந்து போய் என் அறைக்குள் வந்தார். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. பின்னாலேயே கோமதியின் தம்பி இசக்கி. இசக்கிக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேரேஜ் இருக்கிறது. வழுக்கைத் தலை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர், எதற்கும் தயாராக ஒரு யோசனை.

"மேடம், எனக்குக் காரு விழுந்துருக்கு" என்றார் சங்கரலிங்கம். அவர் முகத்தைப் பார்த்தால் கார் அவர் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது.

ஒரு ஷாப்பிங் மாலில் பொருள் வாங்கினால் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். இவர் ஒரு பிரஷர் குக்கரும் ஒரு பெட்டியும் வாங்கி, கூப்பனை நிரப்பிப் போட்டிருக்கிறார். நடு மாலில் மேடை போட்டு, பளபளவென்று துடைத்து, மெதுவாகச் சுற்றவிட்டிருந்த அந்தச் சொகுசுக் கார் இவருக்கு வந்துவிட்டது. இவருக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிங்கில் கூம்பை இடித்துவிட்டு வந்துவிடுவார். அந்த அதிகாரி இவரைப் பார்த்தாலே கூம்பைத் தூக்கிக் கையில் வைத்துக்கொள்வாராம்.

"ஓட்டுறதுக்கு நான் இருக்கேம்லா" என்றான் இசக்கி. "கேரேஜ்ல ஒரு இடத்த ஒழிச்சுப் போட்டுட்டேன் மேடம். டயருக்கு எலுமிச்சம்பழம் வாங்கியாச்சு. பூசணிக்காதான் நல்லதாக் கெடைக்க மாட்டேங்கு."

"அது இருக்கட்டும். ஸ்பெயின்காரன் இதுக்கு வரி கேப்பானா மேடம்? பிள்ளைகளும் அவளும் அங்கதான இருக்காவ?" என்று கேட்டார் சங்கரலிங்கம்.

நியாயமான கேள்வி. ஸ்பெயினில் குடியிருப்பவர் என்று ஆகிவிட்டால், உலகத்தில் எங்கே பரிசு விழுந்தாலும் அங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு மால் கொடுக்கும் பரிசை வருமானத்தோடு சேர்த்துப் படிப்படியாக ஏற்றி வரி போடுவார்கள். மேல்படியில் ஏறினால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். அதுவும் காராக விழுந்தால் கதவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர முடியாது. வரியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும்.

அவர் அங்கே குடியிருப்பவரா என்று பார்க்க விதியை எடுத்து, இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கே இருந்தாரா? இல்லை. பிழைப்பின் மையம் அங்கேயா? இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சட்டப்படி பிரிந்திராத மனைவியும் மைனர் பிள்ளைகளும் அங்கே வசித்தால், மாற்றி நிரூபிக்கும்வரை கணவனும் அங்கேதான் வசிக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் மச்சினன் அறையில் இருக்கும்போது எந்த விதியையும் முழுதாக வாசித்துத் தொலைக்காதீர்கள்.

"மேடம், அத இன்னொரு தடவ வாசிங்க" என்றான் இசக்கி.

"எதை?"

"சட்டப்படி... பிரிஞ்சிராத."

வாசித்தேன்.

"அப்போ பிரிஞ்சிட்டா?"

"பிரிஞ்சிட்டா இந்த விதி பொருந்தாது. ஆனா..."

நான் 'ஆனா' என்று சொன்னதை அவன் கேட்கவே இல்லை. மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். "கலாஸ்! மாஃபி டாக்ஸ்! முடிஞ்சுது, வரி கெடையாது! அத்தான், பேப்பர்ல மட்டும் அக்காவ டைவர்ஸ் பண்ணிருங்க. கார வித்து முடிச்சதும் திருச்செந்தூர்ல வச்சு மறுபடி தாலியக் கட்டிருவோம். நானே செலவு பண்ணுதேன்."

"இசக்கி, அது உங்க கூடப்பிறந்த அக்கா" என்றேன்.

"அக்காதான் மேடம். நான் சொன்னாக் கேக்கும்."

 ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அது வெறும் அனுமானம். 'மாற்றி நிரூபிக்கும்வரை' என்று விதியே சொல்கிறது. இவர் இங்கேதான் வசிக்கிறார் என்று இந்த நாட்டு அரசாங்கத்திடம் வரிக்கான வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். வக்கீலும் வேண்டாம், திருச்செந்தூரும் வேண்டாம். இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினார்கள். நம் ஆட்கள் தலையாட்டுவதற்கும் அவர்கள் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அடுத்த சில நாட்கள் சங்கரலிங்கம் எனக்கு ஆதாரமாக அனுப்பித் தள்ளினார். நான் கேட்டது பாஸ்போர்ட், விசா, வீட்டு ஒப்பந்தம். வந்தது என்ன தெரியுமா? ருவைஸ் கடற்கரையில் அவர் தனியாக நிற்கும் படங்கள். ஆலை கேண்டீனில் தட்டோடு ஒரு படம். "முடி வெட்டுத பாய் வேணா சாட்சி சொல்லுதேங்காரு மேடம்" என்று ஒரு குரல் செய்தி. இசக்கி தன் பங்குக்கு, "அத்தானோட பல் பிரஷ் அங்க இருக்கு மேடம். அவன் வீட்டுக்கு வந்து பாத்தா மாட்டிக்கிடுவோம். அக்காவத் தூக்கிப் போடச் சொல்லட்டா?" என்று கேட்டான். எந்த வரி அலுவலகமும் பாத்ரூமுக்குள் வந்து பிரஷ் எண்ணாது என்று சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்லை.

நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, அவ்வளவுதானே என்றிருந்தேன்.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நீங்கதான் எங்க வீட்டுக்காரருக்கு டைவர்ஸ் வாங்கிக் குடுக்குத ஆடிட்டர் மேடமா?"

 கோமதிதான். நடந்ததை அவளே சொன்னாள். பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள். சங்கரலிங்கம் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் இசக்கியின் வழுக்கைத் தலை பாதி தெரிகிறது. "கோமதி, பதறாமக் கேளு. பேப்பர்ல மட்டும் ஒரு சின்ன மாத்தம். ஆடிட்டர் மேடமே ரூலப் படிச்சுக் காட்டிட்டாவ" என்று இவர் ஆரம்பித்திருக்கிறார். பக்கத்தில் நின்ற மூத்தவள், "அம்மா, டாடி நம்மள கேன்சல் பண்றாரா?" என்று கேட்டாளாம். அபுதாபியில் வளர்ந்த பிள்ளை. விசா கேன்சல் ஆனால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"என் பொண்ணு பள்ளிக்கூடப் பையை எடுத்து வச்சுக்கிட்டு, 'எங்க போகணும்மா'ன்னு கேக்கா மேடம்" என்று சொல்லும்போது கோமதிக்குக் குரல் உடைந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிஷம் சங்கரலிங்கம் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இசக்கி எதிரில் இருந்திருந்தால் அந்த ஸ்பேனரை வாங்கி அவன் தலையிலேயே ஒரு போடு போட்டிருப்பேன். ஆனால் போனில் இருப்பவள் கணவனின் ஆடிட்டரைத் திட்டக் கூப்பிட்ட மனைவி. இந்த மாதிரி நேரத்தில் உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கும். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று வாதாடலாம். 'அது என் வாடிக்கையாளரின் சொந்த விஷயம்' என்று சட்டம் பேசலாம். இல்லையென்றால் அவளை முழுதாகப் பேசவிடலாம். முதல் இரண்டும் உங்களைக் காப்பாற்றும். மூன்றாவதுதான் வேலைக்கு ஆகும். "நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன். நீங்க சொல்லி முடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழுது, திட்டி, மூக்கைச் சிந்தி, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "இந்தக் கூத்து பத்தாதுன்னு அந்தக் கார்க்காரங்க வேற எனக்கு மெயில் போட்டு பாஸ்போர்ட் காப்பி கேக்காங்க. நான் எதுக்குக் குடுக்கணும்? இதுவும் அந்த டைவர்ஸுக்குத்தானா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யாரோட பாஸ்போர்ட்டைக் கேக்கறாங்க?"

"என்னோடததான்."

"உங்க வீட்டுக்காரரோடது?"

"அவியளப் பத்தி ஒண்ணுமே கேக்கலயே."

ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். கோமதியை லைனில் வைத்துக்கொண்டே சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டேன். கேண்டீனில் இருந்தார். பின்னால் தட்டுச் சத்தம்.

"சார், அந்தக் கூப்பன்ல யார் பேர் எழுதிப் போட்டீங்க?"

"கோமதி பேருதான் மேடம். போன் நம்பர் என்னோடது, மெயில் அவளோடது."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"அதுல சொல்ல என்ன மேடம் இருக்கு? நான் எது செஞ்சாலும் அவ பேர்லதான் செய்வேன். ராசி. ஊர்ல மனை அவ பேர்ல, பைக்கு அவ பேர்ல, கேஸ் கனெக்ஷன் அவ பேர்ல. பேருதான் அவளோடது. குக்கருக்குத் துட்டுக் குடுத்தது நாந்தான?"

பார்த்தீர்களா? உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். நம் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். மனைவி பெயரை வெற்றிலை பாக்கு மாதிரி முதலில் வைத்துவிட்டு, அது வெறும் மங்களத்துக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கூப்பன் நடத்துகிறவனுக்கு மங்களம் தெரியாது. ஸ்பெயின் அரசாங்கத்துக்கு ராசி தெரியாது. யார் பெயரோ அவர்தான் வென்றவர். இத்தனை நாளாகப் பரிசே விழாத ஒரு மனிதர் எங்கே வசிக்கிறார் என்பதற்கு முடி வெட்டுகிறவர்வரை சாட்சி தேடிக்கொண்டிருந்தோம்.

"சங்கரலிங்கம் சார், உங்களுக்குக் கார் விழல. உங்க மனைவிக்கு விழுந்திருக்கு" என்றேன்.

 வலென்சியாவிலிருந்து கோமதி நிதானமாகக் கேட்டாள். "அப்போ காரு என்னோடதா மேடம்?"

"ஆமாம்மா."

"இவிய என்னை டைவர்ஸ் பண்ணிருந்தா?"

"அப்பவும் உங்களோடதுதான். இன்னும் சுத்தமா உங்களோடது."

அந்தப் பக்கம் சங்கரலிங்கத்துக்குப் புரை ஏறியது. அப்போது நாலாவதாக ஒரு குரல். சங்கரலிங்கம் எப்போது அவனையும் லைனில் சேர்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "யக்கா! நான் அன்னைக்கே அத்தான்ட்ட சொன்னேன், அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்கன்னு. கார நம்ம கேரேஜ்லயே விடுவோம் என்ன? எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்கேன்."

"இசக்கி, நீ மொதல்ல போன வையி" என்றாள் கோமதி.

"நான் மியூட்ல இருக்கேங்க்கா."

"வையிலே!"

வைத்துவிட்டான்.

சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குக் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. சங்கரலிங்கம் ஸ்பெயினில் குடியிருக்கிறாரா என்பதில் சந்தேகம் இருந்தது. கோமதி விஷயத்தில் சந்தேகமே இல்லை. டிசம்பரிலிருந்து அங்கேயே இருக்கிறாள், அங்கேயே வேலை பார்க்கிறாள். பரிசு முழுவதும் அங்கே வருமானம். கார் வந்த கையோடு கழுத்தை நெரிக்கிற வரியும் வரும்.

ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்பெயினில் ஒரு சிறப்பு ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்தால், சம்பளத்தைத் தவிர வெளிநாட்டில் கிடைக்கிற மற்றதைச் சில வருஷங்களுக்குத் தொட மாட்டார்கள். வெளிநாட்டுப் பரிசும் அதில் அடங்கும். ஆனால் வேலையில் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

"அதுக்கு அப்ளை பண்ணிட்டீங்களாம்மா?"

"ஹெச்ஆர்ல சொன்னாங்க மேடம். இவியகிட்ட கேட்டேன். 'ஒனக்கு வெளிநாட்டுல என்ன வருமானம் கொட்டுது, சும்மா கெட'ன்னு சொல்லிட்டாவ."

டிசம்பரில் எப்போது சேர்ந்தாள் என்று கேட்டேன். ஆறு மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. விஷயத்தைச் சொல்லி, உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன்.

"நான் போட மாட்டேன் மேடம்" என்றாள் கோமதி. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "எனக்கு அந்தக் காரும் வேண்டாம், அதுக்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம். ஒரு காருக்காக பிள்ளைக முன்னாடி என்னை அத்துவிடத் துணிஞ்சவியளுக்கு நான் எதுக்குப் போடணும்? ருவைஸ்ல இருந்து வார எந்தப் பேப்பர்லயும் என் கையெழுத்து இனிமே விழாது."

கார் போகட்டும், அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு குடும்பம் என் காதுக்குள்ளேயே உடைந்துகொண்டிருந்தது. விதிகளை எடுத்துச் சொல்லலாம், கணக்குப் போட்டுக் காட்டலாம் என்று நாக்கு துடித்தது. பேசாமல் இருந்தேன். முப்பது வருஷ அனுபவத்தில் நான் பழகிக்கொண்ட வித்தைகளில் அதுதான் கஷ்டமானது. "சார், நீங்க பேசுங்க. நீங்களே பேசுங்க" என்று மட்டும் சங்கரலிங்கத்திடம் சொன்னேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "கோமதி... அந்தக் காரு வெல என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மனுஷன் பார்க்கிங் டெஸ்டில் ஏன் ஃபெயில் ஆகிறார் என்று அப்போது புரிந்தது.

"தெரிய வேண்டாம்" என்றாள் கோமதி. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. என் பேர எதுக்கு எழுதுனீங்க?"

"வேற யார் பேர எழுதச் சொல்லுத?"

"உங்க பேர எழுத வேண்டியதுதான?"

"என் பேர்ல எழுதுனா எதுவும் விழாது கோமதி. ஒனக்குத் தெரியாதா? இந்தா, லைசென்ஸுகூட விழல."  பின்னால் யாரோ "பாய், ஜல்தி" என்று அவரை நகரச் சொல்வது கேட்டது. "அன்னைக்கு மாலுக்குக் குக்கர் வாங்கத்தான் போனேன். பழசு போயிட்டு. எனக்கு ஒருத்தனுக்குச் சின்னதே போதும்னு கடைக்காரன் சொன்னான். நான் அஞ்சு லிட்டர்தான் வேணும்னு சண்ட போட்டு வாங்குனேன். அதுல தெனம் ஒரு டம்ளர் அரிசி வைக்கேன். அடியில கெடக்கு. பாதி நாளு அதையும் திங்காமத் தூக்கிப் போடுதேன். அந்தக் குக்கருக்குக் குடுத்த கூப்பன்தான் அது. பேர் எழுதுத எடத்துல கை தானா ஒம் பேர எழுதிட்டு."

 கோமதியின் லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தது.

"இம்புட்டும் வச்சுக்கிட்டுத்தான் டைவர்ஸ் கேட்டீங்களோ?"

"அது இசக்கி சொன்னான்..."

"அவன் சொன்னா? அவன் சொல்லியா என்னக் கட்டுனீங்க?"

"தப்புதான். பெரிய தப்பு. பெரியவள்ட்ட போனக் குடு, நான் சொல்லுதேன், யாரையும் கேன்சல் பண்ணலன்னு."

"போன்ல சொன்னா அவ நம்ப மாட்டா. வாசல்ல பைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா." கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மேடம், நான் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன். கார வித்துருவோம். ஆனா இவியள கெளம்பி இங்க வரச் சொல்லுங்க. லீவுக்கு இல்ல. இருக்கறதுக்கு."

"நாளைக்கே டிக்கெட் போடுதேன்" என்றார் சங்கரலிங்கம்.

அங்கேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் தொழில்புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது எந்த நேரத்திலும் குறுக்கே வந்து நிற்கும். ஜூன் மாதம் நடக்கிறது. இப்போது போனால் இந்த வருஷத்தில் பாதிக்கு மேல் ஸ்பெயினில் இருந்ததாக ஆகிவிடும். ஸ்பெயினில் அரை வருஷக் குடியிருப்பு என்று கிடையாது. குடியிருப்பவர் ஆகிவிட்டால் முழு வருஷத்துக்கும் ஆனதுதான். ஜனவரியிலிருந்து ருவைஸில் வாங்கிய சம்பளத்துக்கும் அங்கே வரி கட்ட வேண்டியிருக்கும். மனைவியின் சிறப்பு ஏற்பாட்டில் கணவனையும் சேர்க்க வழி உண்டுதான். ஆனால் இவர் வருமானம் அவளுடையதைவிட அதிகம் என்பதால் அதுவும் ஒத்துவராது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஜூலை பாதி தாண்டட்டும். அஞ்சாறு வாரம் பொறுத்துப் போனீங்கன்னா இந்த வருஷம் உங்களுக்கு அங்க ஒரு பைசா வரி கிடையாது. இப்பவே போனா ரொம்பப் போயிடும்."

"ரொம்பன்னா எவ்வளவு மேடம்?"

உத்தேசமாக ஒரு தொகை சொன்னேன்.

"அடேயப்பா" என்றார். வரிக்குப் பயந்து ஆறு மாதம் ஒற்றை ஆளாய்க் குக்கர் வைத்துச் சாப்பிட்ட மனிதர். தட்டைக் கழுவப் போடுகிற சத்தம் கேட்டது. நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. யாரிடமோ வெள்ளிக்கிழமை ஃபிளைட்டைப் பற்றி விசாரித்தார்.

"சார், வரி வரும்" என்றேன் மறுபடியும்.

"வரட்டும் மேடம்" என்றார் சங்கரலிங்கம். "வீட்ல இருந்தா வரத்தான செய்யும்."